மருமகளுக்கு நானே பிரசவம் பார்ப்பதா?

மே 14

பஞ்சாங்கப்படி இன்று நாய் நாள். நாய்க்குப் பிரசவம் சுலபம், அதனால் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் வரும் நாய் நாளில் வயிற்றைச் சுற்றித் துணி கட்டினால் நமக்கும் சுலபம் என்று நம்பிக்கை. இந்த ஊர் மருத்துவச்சியாக எத்தனையோ பெண்களுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டே கட்டிவிட்டிருக்கிறேன். இன்று சிரிப்பு வரவில்லை. கட்டியது என் மருமகள் சிஹோவுக்கு.

துணியை மாட்சுயேயிலிருந்து அவள் அம்மா யசுயோ அனுப்பியிருந்தார். பெண் வீட்டுத் துணிதான் கட்ட வேண்டும். நல்ல பருத்தி. மூன்று சுற்று சுற்றி, முனையை உள்ளே செருகி, "இறுக்கமா இருக்கா?" என்றேன்.

"இல்ல அத்தை, சரியா இருக்கு."

நல்ல பெண். எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள்.

என் மகன் தகுமா பக்கத்தில் உட்கார்ந்து மோச்சி அரிசி உருண்டை தின்றுகொண்டிருந்தான். "அம்மா, பிரசவத்துக்குன்னு அரசாங்கம் குடுக்கிற பணம் எப்படியும் வரும். நீ எங்ககிட்ட வாங்கவா போற? கார் டயர் நாலையும் மாத்திடலாம்ல?"

"உனக்கு பில் போட மாட்டேன்னு எவன் சொன்னான்?" என்றேன். சிஹோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தடியனுக்குக் குழந்தை பிறப்பது டயரில் போய் நிற்கிறது.

மே 17

சனாதா வந்தாள். நர்ஸிங் பள்ளியில் ஒரே பெஞ்ச், இப்போது என் பிரசவ வீட்டில் இரண்டாவது கை. தோட்டத்து நாட்ஸுமிகான் ஆரஞ்சு ஒரு பை கொண்டுவந்தாள். "வேண்டாம், வீட்ல இருக்கு" என்றேன். "எடுத்துக்க" என்றாள். "இவ்வளவு எதுக்கு" என்றேன். மூன்றாவது தடவை நீட்டியதும் வாங்கிக்கொண்டேன். இங்கே ஒரு பழம் கை மாறுவதற்குள் டீ ஆறிவிடும்.

டீ குடித்துக்கொண்டே, "சிஹோவோட பிரசவத்த நீயே பாக்கப் போறியா?" என்றாள்.

"அவதான் கேட்டா. வாசல்ல குனிஞ்சு நின்னு, அத்தை, உங்க கையிலயே நடக்கணும்னா."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"ஒரே தடவையிலயா?"

இவளுக்கு எப்போதும் எதையாவது கிண்ட வேண்டும்.

ஜூன் 9

புதிதாக ஒரு தம்பதி விசாரிக்க வந்தார்கள். பெண்ணுக்கு இங்கேயே வேண்டும் என்று ஆசை. புருஷன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "டாக்டர் இல்லாம எப்படிங்க? செலவு கொஞ்சம் கம்மி, சரி. ஏதாவது ஆச்சுன்னா?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். சொன்னேன்: சிக்கல் இல்லாத பிரசவத்தை மட்டும்தான் எடுப்பேன். பிரஷர் ஏறினால், குழந்தை திரும்பி இருந்தால், ரத்தம் அதிகம் போனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் மொரிவாகி எனக்குத் துணை. கடைசி வரைக்கும் காத்திருக்க மாட்டேன், சந்தேகம் வந்தால் உடனே அனுப்பிவிடுவேன். இதுவரை இந்த வீட்டில் எந்தத் தாயையும் இழந்ததில்லை.

அவன் கையை அவிழ்த்தான். எழுந்து போகும்போது குனிந்து வணங்கினான்.

அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவும்போது, அதே கேள்வியை சிஹோவுக்காகக் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு நாள் குறித்திருப்பது அக்டோபர் நடுவில். புயல் வரும் மாதம். காற்று பலமானால் பாலத்தை அடைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? எத்தனை அக்டோபர் பார்த்திருக்கிறேன்! மற்றவர்களுக்கு என்றால், வானிலை மோசம் என்றதும் முன்கூட்டியே அந்தப் பக்கம் அனுப்பிவிடுவேன், கை நடுங்காது. சிஹோ என்றால்? அனுப்ப வேண்டிய நேரத்தில் அனுப்புவேனா? இல்லை, தேவையே இல்லாமல் முதல் வலியிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேனா? இரண்டும் தப்பு. எந்தத் தப்பைச் செய்வேன் என்றுகூடத் தெரியவில்லை.

அந்தப் புருஷனிடம் பேசிய பெண்மணி எவ்வளவு தைரியசாலி! யார் அவள்?

ஜூன் 10

மழை. துணி காயவில்லை.

ஜூலை 8

சிஹோவுக்குப் பிரஷர் நூற்று நாற்பத்தாறு. கொஞ்ச நேரம் படுக்க வைத்து மறுபடி பார்த்தேன். நூற்று நாற்பத்திரண்டு. போன மாதமே கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, வெயில் என்று விட்டுவிட்டேன்.

சிறுநீரில் புரதம் இல்லை. கால் வீக்கம் இல்லை. தலைவலி இல்லை. "நல்லா இருக்கேன் அத்தை" என்றாள். இவள் என்றைக்கு நல்லா இல்லை என்று சொல்லியிருக்கிறாள்?

நாளைக்கே மொரிவாகியிடம் போகச் சொல்லிவிட்டேன். நூற்று நாற்பது தாண்டினால் என் கோடு முடிந்தது. இது நானே எல்லோருக்கும் சொல்லும் சட்டம்.

ஜூலை 9

ஆஸ்பத்திரியில் நூற்றுப் பதினெட்டு! மொரிவாகி போனில் சிரிக்கிறார். "உங்க மெஷின மாத்துங்க நொரியே-சான்."

ஜூலை 10

மெஷினை மாற்றினேன். புது மெஷின், புது பட்டை. என் கையில் கட்டிப் பார்த்தேன். சனாதா கையில், தபால்காரர் கையில்கூட. (பயந்துவிட்டார், பாவம்.) எல்லாம் சரியாகக் காட்டுகிறது.

ஜூலை 22

சிஹோவுக்கு நூற்று நாற்பத்தெட்டு. புது மெஷினில்.

தகுமாவும் அவளும் தனியாக இருக்கிற வீட்டில் வைத்துப் பார்க்க மொரிவாகி ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார். காலை, மாலை இரண்டு வேளையும் நூற்றிருபதுக்குக் கீழே. இங்கே வந்தால்தான் ஏறுகிறது. "உங்க வீட்டு மாடிப்படியா இருக்கும்" என்கிறார் மொரிவாகி. என் வீட்டில் மாடியே கிடையாது.

ஒரு சபலம் வந்தது, எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் சரியாக இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டு, என்னுடையதை விட்டுவிடலாமா? மொரிவாகியும் மறுக்க மாட்டார். அப்படிச் செய்தால் பிரசவம் என் கையில்தான். "மருத்துவச்சியோட மருமகளும் அங்கதான் பெத்தா" என்று ஊர் சொல்லும். ஊரில் குழந்தைகளே குறைந்துவிட்டன, இந்த வருஷம் எனக்கு வந்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சொந்த மருமகள் பாலத்தைத் தாண்டிப் போனால் மிச்சம் இருப்பவர்களும் யோசிப்பார்கள்.

அதுவும் செலவுதான். தகுமாவின் டயர் கணக்கில் வராத செலவு.

ஆகஸ்ட் 5

மீன் வாங்கப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து சிஹோ வந்திருக்கிறாள். சனாதாவே பிரஷர் பார்த்திருக்கிறாள், இதே வீட்டில், இதே மெஷினில்.

நூற்றுப் பதினாறு.

நான் உள்ளே வந்ததும் மறுபடி பார்க்கலாமா என்று சனாதா கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்புறம், "சரி, பாரு" என்றேன். நான் கதவருகே நின்றிருந்தேன், கிட்டேகூடப் போகவில்லை. நூற்று நாற்பத்து மூன்று.

சனாதா என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6

நானா?

ஆகஸ்ட் 9

கோபம் அடங்கவில்லை. நான் என்ன பேயா பிசாசா? ஒரு வார்த்தை அதட்டியிருப்பேனா? அந்தக் காலத்து மாமியார்கள் மாதிரி, மிசோ சூப் உப்பு கரிக்கிறது என்று என்றைக்காவது சொன்னேனா? அவள் வீட்டுக்கு நான் சொல்லாமல் போனதே இல்லை. அவளாகத்தானே கேட்டாள்! வாசலில் குனிந்து நின்று, அவளாகத்தானே!

சனாதாவிடம் கத்தினேன். அவள் பாட்டுக்கு எடமாமே சோயாக்காயை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். "நீ பேய் இல்லடி. மாமியார். அதுவும் ஊர்ல பேர் வாங்கின மருத்துவச்சி. உன்கிட்ட போய் யார் வேண்டாம்னு சொல்லுவா?"

"வேண்டாம்னா சொல்ல வேண்டியதுதானே?"

"நீ சொன்னியா?" என்றாள்.

"நான் என்ன சொல்லணும்?"

"ஒரு மாசமா நீ தூங்கலன்னு. அவ வயித்தத் தொட்டுப் பாத்துட்டு ஒவ்வொரு தடவையும் என்னையும் பாக்கச் சொல்றன்னு. எந்தப் பொண்ணுக்கு அப்படிச் சொல்லியிருக்க நீ?"

எடமாமே தோலை எடுத்து அவள் மேல் எறிந்தேன்.

ஆகஸ்ட் 14

முன்னோரை வணங்கும் ஓபோன் பண்டிகை விடுமுறை. கல்லறையைக் கழுவிப் பூ வைத்தோம். சிஹோவை வெயிலில் நிற்க வேண்டாம் என்று காரில் உட்காரச் சொன்னேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த தகுமாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "ஏன்டா, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகணும்னு சிஹோ சொன்னதே இல்லையா? எல்லாப் பொண்ணுங்களும் போறாங்களே."

"முதல்ல சொன்னா. அவங்க அம்மாதான் திட்டினாங்க. மாமியாரே மருத்துவச்சி, வேற எங்க போய்ப் பெத்துக்கிட்டாலும் அவங்க மூஞ்சில கரி பூசின மாதிரி ஆயிடும், நீயே போய்க் கேளுன்னாங்க. அதான் வந்து கேட்டா. நீ உடனே சரின்னுட்ட. ஏன்?"

"ஒண்ணுமில்ல. தண்ணிய ஊத்து."

வாளி நிறைய ஊற்றினான். என் புருஷனின் கல்லறைக் கல் பளபளவென்று நின்றது. அந்த மனுஷன் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்: நொரியே, நீ ஒரு பழத்துக்குக்கூட மூணு தடவை கேக்க விடுவ.

ஆமாம். பழத்துக்கு மூன்று தடவை. ஒரு உயிருக்கு ஒரே தடவையில் சரி என்றேன். முதல் தடவை சொல்வது மரியாதை என்று இந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது, அதனால் நிஜம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்வதற்கு நான் இடமே விடவில்லை. அவளும், "நீங்க முடியாதுன்னா பரவாயில்ல" என்று எனக்கு இடம் விடவில்லை. மரியாதையாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இந்த ஆகஸ்டில் நிற்கிறோம். நடுவில் குழந்தை.

ஆகஸ்ட் 18

சொல்லிவிட்டேன்.

மெஷினை எடுக்கவே இல்லை. தர்பூசணி வெட்டி வைத்து, எதிரே உட்கார்ந்து, "சிஹோ, உன் பிரசவத்த என்னால பாக்க முடியாது. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன அத்தை இப்படிச் சொல்றீங்க. உங்கள விட நல்லா யார் பாப்பாங்க."

ஒன்று.

"பொய் சொல்லல. உன் வயித்துல கை வச்சா எனக்குக் கணக்கு மறந்துபோகுது. நான் தொடுறது என் பேரக் குழந்தைன்னு மட்டும்தான் தோணுது. உங்க அம்மா பக்கத்துல, மாட்சுயேல பெத்துக்கோ. எனக்காகப் போ."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை. நான் நல்லாத்தான் இருக்கேன்." குரல் மெலிந்துவிட்டது.

இரண்டு. என் வாய் எப்போதும் இங்கேதான் முந்திக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வெளியே சில்வண்டு கத்தியது. தர்பூசணித் தண்ணீர் தட்டு ஓரத்தில் வழிந்து பாயில் சொட்டியது. துடைக்கவில்லை.

"சிஹோ, நீ எங்க பெத்துக்கணும்னு நினைக்கிற?"

அவ்வளவுதான். மடியில் இருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அம்மாகிட்ட போகணும் அத்தை. டாக்டர் இருக்கிற இடத்துல. பயமா இருக்கு. உங்கள நம்பாம இல்ல. ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் உங்க முகத்த எப்படிப் பாப்பேன்? நீங்க என் முகத்த எப்படிப் பாப்பீங்க?"

நான் ராத்திரி எல்லாம் நினைத்ததை அவளும் நினைத்திருக்கிறாள். வார்த்தைகூட மாறவில்லை. அழுதுவிட்டேன். சும்மா இல்லை, மூக்கு ஒழுக ஒழுக, இரண்டு பேரும். பாதியில் வந்த தகுமா, "என்ன ஆச்சு? குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று செருப்போடு உள்ளே ஓடி வந்தான். செருப்போடு! இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம்.

அவள் கிளம்பும்போது ஒரே ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கையை நீட்டினாள். நூற்றிருபத்திரண்டு.

ஆகஸ்ட் 31

தகுமா அவளை மாட்சுயேக்குக் கொண்டுபோய் விட்டான். பழைய டயரில்தான். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக யசுயோ போன் செய்தார். "சம்பந்தியம்மா, உங்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு" என்று தொடங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். "நான்தாங்க முடியாதுன்னேன்" என்றேன். அவரும் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் நம்பினார்.

செப்டம்பர் 12

ஜூனில் வந்த அந்தத் தம்பதி ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்தான் போன் செய்தாள். "எங்க வீட்டுக்காரர்... உங்க மருமகளே..." என்று இழுத்தாள். "நல்லதும்மா, சுகமா பெத்துக்கோ" என்றேன்.

போனை வைத்தேன். வலிக்கத்தான் செய்கிறது. இது தெரிந்துதான் செய்தேன் என்பதற்காக வலிக்காமல் போய்விடுமா?

மருத்துவச்சி வீட்டில் பெறுவது பத்திரமா என்று கேட்டால் இப்போதும் ஆமாம் என்றுதான் சொல்வேன், என் வீட்டில், சனாதா பக்கத்தில் இருக்க, சிக்கல் இல்லாத பெண்ணுக்கு. ஆனால் பயப்படுகிற பெண் சிக்கல் இல்லாத பெண்ணா? பயப்படுகிற மருத்துவச்சி? இதை எந்தப் பரீட்சையிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அக்டோபர் 11

விடியற்காலை மாட்சுயேயிலிருந்து தகுமா போன். "அம்மா, வலி வந்துடுச்சு. சிஹோ உன்ன வரச் சொல்றா."

"நான் எதுக்குடா? அங்க எல்லாரும் இருக்காங்க."

போனில் சிஹோ மூச்சு வாங்கிக்கொண்டே, "பிரசவம் பாக்க இல்ல அத்தை. சும்மா வாங்க" என்றாள்.

ஒரே தடவைதான் சொன்னாள். கிளம்பிவிட்டேன். பாலத்தில் காற்றே இல்லை. மலைப்பாதை முழுக்க "அவசரப்படாதே, முதல் பிரசவம் நேரமாகும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனேன், மற்ற பெண்களின் அம்மாக்களுக்குச் சொல்கிற மாதிரி. ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லாத வார்த்தை அது. இனிமேல் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தகுமா வராந்தாவில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். யசுயோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை உள்ளே அனுப்பினார்கள். சிஹோ நான் யார் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. அங்கே இருந்த மருத்துவச்சி, ஒகிதா என்று சின்னப் பெண், என்னைப் பார்த்து, "பாட்டி, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, தலைமாட்டுல" என்றாள்.

தலைமாட்டுக்குப் போனேன்.

இத்தனை வருஷமும் நான் நின்றது கால் பக்கம். வருகிற தலையைப் பார்ப்பேன், பெற்றவளின் முகத்தை எட்டித்தான் பார்ப்பேன். இன்று வேறு எதுவும் தெரியவில்லை, முகம் மட்டும்தான். நெற்றி நரம்பு, கடித்த உதடு, கண்ணீரா வியர்வையா தெரியாத ஈரம். இவ்வளவு பயமா? ஒவ்வொருத்திக்கும் இவ்வளவா? என் கை அவள் கையில் இருந்தது. எலும்பு நொறுங்கும் என்று தோன்றியது, நொறுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழந்தை அழுதது. பெண்.

பிறகு நஞ்சுக்கொடி வந்தது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. எனக்குப் பார்க்கத் தேவையில்லை, ஒகிதாவின் தோள் இறுகியதிலேயே தெரிந்தது, பாத்திரத்தில் விழுந்த சத்தத்திலும் தெரிந்தது. வயிற்றை அமுக்கு, அமுக்கு என்று என் வலது கை தானாக முன்னே போனது. அந்தக் கையைத்தான் சிஹோ பிடித்திருந்தாள். விடவில்லை.

"என்ன அத்தை? என்ன ஆச்சு?"

மற்றவர்களுக்கு இந்த நேரத்தில் ஒன்றுமில்லை என்று சொல்வேன். "ரத்தம் கொஞ்சம் அதிகமா போகுது. டாக்டர் வந்துட்டார். மருந்து ஏத்துறாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றேன். தலையாட்டினாள். டாக்டர் வந்தார், இரண்டாவது ஊசி போட்டார். ஒகிதா அமுக்கினாள், நன்றாகவே அமுக்கினாள். ரத்தம் மெல்ல நின்றது.

வெளியே வந்தேன். யசுயோ என்னை உட்கார வைத்து, "சம்பந்தியம்மா, டீ?" என்றார். "குடுங்க" என்றேன். முதல் தடவையிலேயே.

அக்டோபர் 13

என் வீட்டில் நடந்திருந்தால்? இதே மருந்து என்னிடமும் உண்டு. நானும் அமுக்கியிருப்பேன். சனாதா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பாள். காற்று இல்லாத நாள், பாலம் திறந்துதான் இருந்தது. போய்ச் சேர்ந்திருப்பாள். அநேகமாக.

அந்த "அநேகமாக"வைத்தான் இத்தனை மாதமாக எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மற்ற பெண்களுக்கு அதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும் இனிமேல். கேட்டுவிட்டு இங்கேயே பெறுகிறேன் என்பவள் இருந்தால், அவளுக்குப் பார்ப்பேன். ஆனால் மூன்று தடவை கேட்ட பிறகு.

நவம்பர் 2

புதிதாக ஒருத்தி வந்தாள். மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை சிரித்துவிட்டாள். "உங்களுக்கு என்னைப் பாக்க இஷ்டமில்லையா?" என்கிறாள். அவளுக்குப் பிரசவம் ஜூன் மாதம்.

நவம்பர் 16

சிஹோவும் குழந்தையும் வந்துவிட்டார்கள். பெயர் மினோரி. தகுமாவின் மூக்கு, என்ன செய்வது.

சிஹோ கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறாள், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். நடந்தால் இடுப்பு விட்டுப்போகிற மாதிரி இருக்கிறது என்றாள். அவளாகவே சொன்னாள். அந்த நாய் நாள் துணியைத் துவைத்துப் பத்திரமாக வைத்திருந்தாள், எடுத்துக்கொண்டு வந்தாள். பாயில் படுக்க வைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். மூன்று சுற்று. முனையைச் செருகினேன்.

"இறுக்கமா இருக்கா?"

"ஆமா அத்தை, இறுக்கமா இருக்கு. அன்னிக்கும் இறுக்கமாத்தான் இருந்துச்சு."

அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினேன், தளர்வாக.